குழாயில் இருப்பது நானேதான்

ஜூன் 3, செவ்வாய்

மாண்புமிகு அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறையில் கடந்த பதினான்கு மாதங்களாக இரவு பகல் பாராமல் சொட்டித் தொண்டாற்றிவந்த குழாய், நேற்றுக் காலை ஆறு இருபதுக்குத் தன் சொட்டை நிறுத்திக்கொண்டது. அன்னாரின் பிரிவால் வாளி ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறது. அம்மா மட்டும், "அப்பாடா, சனியன் ஒழிஞ்சுது" என்று இரங்கல் தெரிவித்தாள்.

இந்தத் துக்கச் செய்தியைச் சொல்ல உன்னைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். "நீங்கள் அழைத்தவர் தற்போது" என்று ஒரு பெண் ஆரம்பிக்கிறாள், முடிக்கவே மாட்டேன் என்கிறாள். மூன்று மாதமாக நீ என்னைத் தடை செய்து வைத்திருக்கிறாய். காரணம் எனக்குத் தெரியும். என் கூட்டாளி ஒட்டடைக்கொம்பு வீட்டு பிரின்டரில் உன் லேப் பெயரையே தலைப்பாகப் போட்டு ஒரு போலி ரிப்போர்ட் அடித்து, வைரஸ் எண்ணிக்கை ஒன்பது லட்சம் என்று போட்டு உனக்கு அனுப்பினேன். நீ மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தாய். இடது காலில் நீலச் செருப்பு, வலது காலில் பழுப்புச் செருப்பு. நான் கதவுக்குப் பின்னாலிருந்து குதித்துக் கை தட்டினேன். நீ தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாய். அந்த நகைச்சுவையின் தரம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனவே புதிய தபால் துறை ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு ரத்தக் குழாய்களை உன் லேபுக்குக் கொண்டுவரும் வண்டி இருக்கிறதே, அதன் டிரைவர், ஐஸ்பெட்டி அண்ணன், கடிதத்தைப் பெட்டி மூடிக்கு மேலே வைத்துக்கொள்வதாகச் சம்மதித்திருக்கிறார். "உள்ள வச்சா எழுத்துக்கு ஜலதோஷம் பிடிக்கும் தம்பி" என்றார். நம்ம ஆள்.

சரி, இரண்டாவது செய்தி. சின்னதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்களே வைரஸ் எண்ணிக்கை, அது மே 12 அன்று தொள்ளாயிரம். மே 26 அன்று நாலாயிரத்து இருநூறு. எண் சாண் உடம்புக்கு எண்ணே பிரதானம் என்று ஆகிவிட்டது என் பிழைப்பு. இந்தக் கடிதத்தில் விளையாட்டு அல்லாத பத்தி இது ஒன்றுதான்.

எனக்குப் பயம் எல்லாம் இல்லை. சும்மா தெரிவித்தேன்.

இங்ஙனம்,
அறுந்தவாலு
(தலைமைத் தபால் அதிகாரி)


ஜூன் 5, வியாழன்

தம்பிக்கு,

டிரைவர் கடிதத்தை ரிசெப்ஷனில் எல்லோர் முன்னாலும் கொடுத்தார். "உங்க தம்பியா? நல்லா பேசுறாருங்க" என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

நாலாயிரத்து இருநூறு என்பது உண்மையா? இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது பார். புலி வருது, புலி வருது என்று நீ எத்தனை தடவை கத்தியிருக்கிறாய்? நீ சொல்லும் எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்று என் கை தன்னாலேயே பழகிவிட்டது. ரிப்போர்ட்டின் கீழ் மூலையில் ஒன்பது இலக்க வரிசை எண் இருக்கும். அதை எழுதி அனுப்பு. என்னால் உன் முடிவுகளைத் திறந்து பார்க்க முடியாது. சொந்தக்காரர்களின் குழாயைத் தொடக் கூடாது, முடிவைப் பார்க்கக் கூடாது என்பது இங்கே விதி. அந்த விதியை நான் மதிக்கிறேன்.

உண்மை என்றால், பதறாதே. இந்தச் சோதனையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறி இறங்குவது கருவியின் குலுக்கலாகவே இருக்கலாம். ஒரு எண்ணைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. அடுத்தடுத்த எண்கள் எந்தப் பக்கம் நடக்கின்றன என்றுதான் பார்ப்பார்கள்.

நாலரை மடங்கு என்பது

மேலே ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். வேண்டாம்.

காய்ச்சல் இருக்கிறதா, தூக்கத்தில் சட்டை நனைகிறதா, கழுத்தில், அக்குளில் ஏதாவது தட்டுப்படுகிறதா? ஒற்றை வார்த்தையில் பதில் போதும். போனில் பேசினால் சிரிக்கவைத்துத் தப்பித்துவிடுவாய். அதனால் எழுது. உன் போன் தடையை நான் இன்னும் எடுக்கவில்லை.

அக்கா


ஜூன் 12, வியாழன்

நுண்ணோக்கி அரசிக்கு,

வரிசை எண் கேட்டாய். தாளின் மூலையையே கத்தரித்து இணைத்திருக்கிறேன். இரண்டு ரிப்போர்ட், இரண்டு மூலை. இரண்டாவது மூலை இந்தத் திங்கட்கிழமை எடுத்தது. அதில் இருக்கும் எண்ணை நான் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்வேன்.

டாக்டர் அறையில் அம்மாவும் நானும். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார்.

"நாலாயிரத்திலேர்ந்து இருபத்தாறாயிரம்."

"எவ்வளவு வந்தா சார் கப்பு குடுப்பீங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பார், அக்கா. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. அம்மா மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"இந்த எண் ஏறுறதே நோய் இல்லம்மா" என்றார். "இந்த வைரஸ் நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு உள்ள சும்மா தூங்குது. ஆனா புது உறுப்பை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு நாம எதிர்ப்பு சக்தியை அமுக்கி வச்சிருக்கோம். காவக்காரன் தூங்குனா உள்ள இருக்கிறவன் எழுந்துக்குவான். அவன் குடியிருக்கிற வெள்ளை அணுக்கள் அடங்காம பெருகும். சில பேருக்கு அது கட்டியாயிடும்."

"கட்டின்னா?" என்றாள் அம்மா.

"நிணநீர்ப் புற்றுநோய் மாதிரி."

மாதிரி என்ற சொல் அவ்வளவு நேரம் ஒரு அறையில் நின்று நான் பார்த்ததில்லை.

மாத்திரையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். ரொம்பக் குறைத்தால் நீ எனக்குக் கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடும். குறைக்காவிட்டால் வைரஸ் கொழுக்கும். முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும். ஜூன் 23 அன்று அடுத்த ரத்தம். அதிலும் ஏறினால் ஸ்கேன், அதில் ஏதாவது தெரிந்தால் வெட்டி எடுத்துப் பார்ப்பது. "கழுத்துல ஏதாவது தட்டுப்பட்டா அன்னிக்கே வாங்க" என்று தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினார். அன்றைக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் இப்போது அம்மா மூன்று வேளையும் தெர்மாமீட்டரோடு வருகிறாள். "வாயைத் திறடா" என்கிறாள். திறந்தால், "பேசுறதுக்கு இல்ல" என்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, இல்லை, இல்லை. மூன்றாவது இல்லை கொஞ்சம் அழுத்தமாக எழுதியிருப்பது பேனாவின் கோளாறு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த ரத்தம் எடுக்கும் அறையில் வந்து கேட்டுப் பார், என் புகழ் தெரியும். பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் ஊசி இறங்குவதை இமைக்காமல் பார்ப்பேன். ஊசி அக்காவே, "உனக்குப் பயமே இல்லையாடா?" என்று கேட்டார்.

அறுந்தவாலு
(வீரம் விளைந்த மண்)


ஜூன் 16, திங்கள்

தம்பிக்கு,

இரண்டு மூலைகளும் சரியாக இருக்கின்றன. நம்புகிறேன். நம்பாமல் இருந்திருக்கலாமே என்று இருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொன்னதில்லை. அறுவைக்கு முன் நம் இருவர் ரத்தத்தையும் பார்த்தார்கள் இல்லையா. அதில் ஒரு வரி இருந்தது. இந்த வைரஸ் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கிறது. உனக்கு வந்ததே இல்லை. கொடுப்பவருக்கு இருந்து வாங்குபவருக்கு இல்லாமல் இருந்தால்தான் ஆபத்து அதிகம் என்று அப்போதே சொன்னார்கள். வேறு யாருடைய சிறுநீரகமும் உனக்குப் பொருந்தவில்லை. நான் அந்த வரியைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே உனக்குள் எழுந்திருப்பது வெளியிலிருந்து வந்த எதுவும் இல்லை. நான் கொடுத்ததோடு சேர்ந்து வந்தது. அன்று நீ அந்தப் போலி ரிப்போர்ட்டை அனுப்பியபோது எனக்கு உன் மேல் வந்த கோபம் பாதிதான். மீதிப் பாதி, ஆச்சு, நான் செய்தது வெளியே வந்துவிட்டது என்ற நடுக்கம். அதனால்தான் தண்ணீர் குடிக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் குழாய் வரும் திங்கட்கிழமைகளில் என்னை வேறு மேசைக்கு மாற்றிவிடுவார்கள். நானேதான் கேட்டுக்கொண்டேன். ஆனால் தெரிந்துவிடும். உங்கள் ஆஸ்பத்திரிப் பெட்டியிலிருந்து வரும் குழாய்களை அடுக்கும் சட்டத்தில் உன்னுடையது பதினோராவது ஓட்டையில் நிற்கும், வரிசை அப்படி. நான் இந்தப் பக்கம் யாருடைய சர்க்கரையையோ பார்த்துக்கொண்டிருப்பேன். என் முதுகு அந்தப் பதினோராவது ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கருவி வேலையை முடித்ததும் ஒரு சின்ன மணி அடிக்கும். போன திங்கட்கிழமை அது அடித்தபோது நான் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன். தோழி பின்னாலேயே வந்து, "என்னடி, வயிறு சரியில்லையா?" என்றாள். ஆமாம் என்றேன்.

23ஆம் தேதி எண் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நான் இந்த வேலையில் இருக்க மாட்டேன். அந்த மணியை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாம் எழுதக் கூடாது. எழுதியாகிவிட்டது.

மாத்திரையைக் காலை எட்டு, இரவு எட்டு, நிமிடம் தவறாமல் போடு. ரத்தம் எடுக்கும் நாளில் மட்டும் எடுத்த பிறகு போடு. மறக்காதே.

அக்கா


ஜூன் 25, புதன்

அகில உலக அக்காவுக்கு,

கொட்டு முரசே! ஜூன் 23ஆம் தேதியிட்ட வைரஸ் எண்ணிக்கை: கண்டறியப்படவில்லை. பூஜ்யம். சுழி. முட்டை. பள்ளியில் இத்தனை வருஷமாக நான் வாங்கிய முட்டைகளில் இதற்கு மட்டும்தான் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மூலை இணைக்கப்பட்டிருக்கிறது, நீயே சரிபார்.

எப்படி என்று கேட்கிறாயா? மன உறுதி. தவிர, நான் அந்த வைரஸோடு நேரடியாகப் பேச்சுவார்த்தை நடத்தினேன். "ஐயா குடித்தனக்காரரே, சிறுநீரகம் என்றால் சிறுநீரின் அகம். வீடு எனக்கு வந்தது, நீங்கள் வீட்டோடு வந்தவர். தூங்குவதானால் இருங்கள், ஆடுவதானால் காலி செய்யுங்கள்" என்றேன். காலி செய்துவிட்டார்.

ஆகவே நீ வேலையை விட வேண்டாம். மாடிப்படிக்குப் போக வேண்டாம். நீ எனக்கு எதையும் கொண்டுவந்து கொடுத்துவிடவில்லை. கொடுத்தது ஒன்றே ஒன்று, அது நன்றாக இருக்கிறது. இது எழுத்தில் இருக்கட்டும்.

அன்று ஊசி அக்கா விடுப்பு, புதிதாக ஒருவர். ஒட்டடைக்கொம்பு துணைக்கு வந்திருந்தான், தெம்புக்கு. நான் வழக்கம்போல ஊசியை இமைக்காமல் பார்த்தேன். சிவப்பாக ஏறியது. நல்ல நிறம்.

வைரஸ் முடிவு மட்டும்தான் இதுவரை வந்திருக்கிறது. மற்றது எல்லாம் பின்னால் வருமாம். வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. இனி ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை, அக்கா. நிஜமாகவே ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை.

போன் தடையை நீக்குவது குறித்து மேலிடம் பரிசீலிக்குமா?

அறுந்தவாலு
(பூஜ்யத்துக்குரிய தம்பி)


ஜூன் 26, வியாழன்

தம்பிக்கு,

நேற்று உன் கடிதம் வந்ததும் நின்ற இடத்திலேயே படித்தேன். தோழிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். தடையை எடுத்தேன். வீட்டுக்குப் போய் உன்னைக் கூப்பிடலாம், பழையபடி சண்டை போடலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

இன்று மதியம் ஒன்றரை மணியிலிருந்து உனக்கு ஒன்பது தடவை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டால், "மாடியில படிச்சுட்டிருக்கான்" என்கிறாள். அவளிடம் என்னால் சொல்ல முடியாது. வண்டி ஐந்து மணிக்குக் காலிப் பெட்டிகளோடு திரும்புகிறது. டிரைவர் அண்ணனிடம், உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ பிரிக்கும்வரை நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் விதியை மீறிவிட்டேன். மருந்து அளவு பார்க்கும் கருவி இரண்டு நாள் பழுதாகிக் கிடந்தது, இன்றுதான் ஓடியது. அந்த மேசைத் தோழி, "பாவம், இந்தப் பதினோராம் நம்பர், ரத்தத்துல மருந்தே இல்லடி" என்றாள். அது யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் திறந்து பார்த்தேன்.

நீ போடும் மாத்திரையின் அளவு ரத்தத்தில் நாலோ ஐந்தோ இருக்க வேண்டும். குறைத்த பிறகும் மூன்றுக்குக் கீழே போகாது. பூஜ்யம். உன் கடிதத்தில் கொண்டாடிய மாதிரிப் பூஜ்யம் இல்லை இது. ஒரு வேளை, இரண்டு வேளை மறந்தால் இப்படி வராது. நாள் கணக்கில் நிறுத்தியிருந்தால்தான் வரும்.

நிறுத்தினாயா? வைரஸ் போக வேண்டும் என்று நீயாகவே மாத்திரையை நிறுத்திவிட்டாயா? நான் எழுதிய அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டா? ராஜா, நிறுத்தினால் நான் கொடுத்த சிறுநீரகம் போய்விடும், தெரியுமா? எனக்குள் இன்னொன்று இருக்கிறது, ஆனால் அதைக் கொடுக்க விட மாட்டார்கள். மதியத்திலிருந்து என் கை இடுப்புத் தழும்பின் மேலேயே இருக்கிறது. எடுக்க மறந்து மறந்து போகிறேன்.

இன்னொரு விஷயம் பொருந்தவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண் இந்தப் பத்து மாதத்தில் வராத அளவுக்கு அழகாக வந்திருக்கிறது. மருந்தே இல்லாமல் இருக்கும் ஒட்டுச் சிறுநீரகம் அப்படி இருக்காது. யோசித்தால் இரண்டாவதாக ஒரு காரணம் வருகிறது. மூளை உள்ள எவனும் அதைச் செய்ய மாட்டான் என்று தள்ளிவிட்டேன்.

ஆனால் எதுவாக இருந்தாலும் என்னிடம் முன்னாலேயே சொல்லிவிடு. நாளை காலை இந்த முடிவு டாக்டர் மேசைக்குப் போகும். பூஜ்யத்தைப் பார்த்ததும் அவர் என்ன செய்வார்? மாத்திரையைக் கூட்டுவார். வைரஸ் நிஜமாகவே அடங்கியிருந்தால் அது சரி. அடங்கவில்லை என்றால், உள்ளே புகுந்தவனுக்கு நாமே கதவை அகலத் திறந்துவிட்ட மாதிரி. பத்து மணிக்கு டாக்டர் உட்காருவார். பத்து மணிக்கு நான் அவரைக் கூப்பிடுவேன். நான் திறந்து பார்த்தது தெரிந்தால் வேலை போகும், போகட்டும்.

திட்ட மாட்டேன். சத்தியமாகத் திட்ட மாட்டேன். எடுடா போனை.

அக்கா


ஜூன் 27, வெள்ளி, காலை 10.40
ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு

அக்கா,

நீ பத்து மணிக்குக் கூப்பிட்டபோது நான் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். "உங்க தம்பி எட்டு மணிக்கே வந்து வாசல்ல நிக்கிறான். மருந்தைக் கூட்டல, பதறாதீங்க" என்று அவர் உன்னிடம் சொன்னார் இல்லையா, அது வரை உண்மை. பிறகு போனை என்னிடம் நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். உன் குரல் கேட்டால் அங்கேயே அழுதிருப்பேன், அந்த அறையில் ஒரு மீசைக்காரரும் இருந்தார். "எழுதிக் குடுக்குறானாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். வண்டி கிளம்ப இருபது நிமிடம் இருக்கிறது.

மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. ஒரு வேளைகூட. நீ கொடுத்ததை நான் நிறுத்தித் தொலைப்பேன் என்று நீ ஒரு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ தள்ளிவிட்ட இரண்டாவது காரணம்தான் சரி. மூளை குறித்த உன் கருத்தையும் ஏற்கிறேன்.

அது ஒட்டடைக்கொம்பின் ரத்தம்.

உன் 16ஆம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு அவனிடம் போனேன். எண் இன்னொரு தடவை ஏறினால் எங்க அக்கா உடைந்துபோய்விடுவாள் என்றேன். "என் ரத்தம் சுத்தத் தங்கம்டா, எடுத்துக்கோ" என்றான். ஊசி அக்கா இருந்திருந்தால் என் முகம் தெரியும், நடந்திருக்காது. அன்று வந்தவர் பெயரும் பிறந்த தேதியும்தான் கேட்டார். ஒட்டடைக்கொம்பு முட்டாள், முதலில் தன் பிறந்த தேதியைச் சொல்ல வாயெடுத்து, இருமல் வந்த மாதிரி இருமிவிட்டு, பிறகு என்னுடையதைச் சொன்னானாம். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிவப்பாக ஏறியது, நல்ல நிறம் என்று எழுதினேனே, அது அவன் வந்து சொன்னது.

ஒரே குழாயில் வைரஸை மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். மருந்தும் பார்ப்பார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்? பத்து மாதமாக உங்களிடம் ரத்தம் கொடுக்கிறவனுக்கு அதில் என்ன பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. போலி ரிப்போர்ட் மன்னன் என்று பெயர் வேறு.

இப்போது நிஜமானது. மூன்றாவது இல்லை என்று அழுத்தி எழுதினேன் அல்லவா. அது பேனாவின் கோளாறு இல்லை. கழுத்தில், இடது தாடைக்குக் கீழே ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதம் எழுதுவதற்கு முந்தின நாள் சோப்புப் போடும்போது கையில் தட்டியது. பட்டாணி அளவு. இப்போது அதைவிடக் கொஞ்சம் பெரியது. வலிக்கவில்லை. வலித்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும், அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. தினமும் தொட்டுப் பார்ப்பேன், இல்லாமல் போயிருக்குமா என்று. அதையும் சேர்த்துத்தான் அவனை நாற்காலியில் உட்காரவைத்தேன், அக்கா. உனக்காக மட்டும் இல்லை. எனக்காகவும்தான். எண்ணைப் பார்க்காவிட்டால் எண் இருக்காது என்று நினைத்தேன்.

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். எழுந்து வந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"பதினாறு நாள் சார்."

"பதினாறு நாள்" என்று திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். பிறகு என்னோடு வந்திருந்த ஒட்டடைக்கொம்பைப் பார்த்து, "நீதான் அந்தத் தங்கமா?" என்றார். அவன் அழுதுவிட்டான்.

ஸ்கேன் மதியம் இரண்டு மணிக்கு. கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது திங்கட்கிழமை. கட்டி சும்மா வீக்கமாகவும் இருக்கலாம், எண் ஏறினால் கட்டாயம் அந்த நோய்தான் என்று அர்த்தம் இல்லை, அப்படியே இருந்தாலும் இதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் பார்ப்பதுதான் பாதி வைத்தியம் என்றார். பதினாறு நாளை அவர் குறிப்பிடவில்லை. நான்தான் குறிப்பிட்டுக்கொண்டேன். அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்னை அடிக்கவில்லை. கைப்பை ஜிப்பும் ஓடவில்லை. என் சட்டைக் காலரை மடித்து மடித்துச் சரிசெய்கிறாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது.

இன்று எடுத்த இரண்டு குழாயும் இந்தக் கடிதமும் ஒரே வண்டியில் வருகின்றன. அவை ஐஸுக்குள், இது மூடி மேல். காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகுதான் போட்டேன். எட்டு மணி மாத்திரை, பத்து இருபத்தைந்துக்கு. இன்று மாடிப்படிக்குப் போகாதே. மேசையை மாற்றிக்கொள், விதி விதிதான், ஆனால் அறையிலேயே இரு. மணி அடிக்கும்போது யாராவது நம் வீட்டு ஆள் அங்கே இருக்க வேண்டும். எண் எதுவாக வந்தாலும் டாக்டர் என்னிடம் சொன்ன பிறகு நீ கூப்பிடு. போனைக் கையிலேயே வைத்திருப்பேன். அந்த வைரஸ் உன்னிடமிருந்து வந்தது என்றால், நீ கொடுத்த சிறுநீரகமும் கூடவேதானே வந்தது. வீட்டைக் கொடுத்தவளிடம் குடித்தனக்காரனுக்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. ஊசி இறங்குவதை இமைக்காமல் பார்ப்பேன் என்று உனக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். பத்து மாதத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எதிர்ச் சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் உள்ள எழுத்துகளைப் படிப்பேன். காலாவதித் தேதி உட்பட எனக்கு மனப்பாடம். "உனக்குப் பயமே இல்லையாடா" என்று ஊசி அக்கா கேட்கவும் இல்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பது, "என் விரலை விடுறியாடா, ரத்தம் கட்டிக்குது" என்பதுதான்.

இன்று மட்டும் பார்த்தேன். குழாய்க்குள் போவது என்னுடையதுதான் என்பதற்கு இந்தத் தடவை நானே சாட்சியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. முதல் குழாய் நிரம்பும்வரை பார்த்தேன். இரண்டாவது குழாய்க்கு ஊசி அக்காதான் சாட்சி. அப்போது நான் தரையில் கிடந்தேன்.

தம்பி